விழுந்துச்சா?

எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குப் போனால், ஒரு கையில் தே தாரிக், மறு கையில் பேனா என்று நாலைந்து பேர் சீட்டு நிரப்பிக்கொண்டிருப்பார்கள். ஆறரை மணிக்கு நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கல். சில வாரங்களுக்கு முன்பு, எழுபதைத் தாண்டிய மாமா ஒருவர் அங்கே இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்தவர். எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் பக்கத்து மேசைக்காரர் குரல் கொடுத்துவிட்டார்: “என்னண்ணே, விழுந்துச்சா?” அவர் விசாரித்தது புதன்கிழமை வாங்கிய நம்பரை. மாமா சிரிக்காமல் சொன்னார்: “நம்பர் எங்க விழுது? நான்தான் விழுந்தேன்.”

சொல்லிவிட்டுச் சீட்டை நிரப்பத் தொடங்கினார். எட்டிப் பார்த்தேன். அவர் எழுதியது, விழுந்த அன்று மருத்துவமனையில் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவில் கொடுத்த வரிசை எண்.

சிங்கப்பூரில் இது அதிசயமே இல்லை. விரைவுச்சாலையில் இரண்டு கார் மோதி நின்றால், கடந்து போகிறவர்கள் வண்டி எண்ணை மனத்தில் குறித்துக்கொள்ளும் ஊர் இது. விபத்துக்கும் அதிர்ஷ்டத்துக்கும் என்ன உறவு என்று வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். சொல்லளவில் நெருங்கிய உறவு உண்டு. ஆங்கிலத்தில் சான்ஸ் என்பதும் ஆக்சிடென்ட் என்பதும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தாய், லத்தீனில் ‘விழு’ என்று பொருள்படும் கடெரே என்ற வினை.

கடெரேயிலிருந்து, ‘விழுதல்’ என்ற பொருளில் கடென்ஷியா என்றொரு பெயர்ச்சொல் கிளைத்தது. பிரெஞ்சுக்காரர் வாயில் அது தேய்ந்தது. நடுவிலிருந்த டகரம் கரைந்தது, முதலில் இருந்த ககரம் சகரமானது. பழைய பிரெஞ்சில் அது செயான்ஸ். பகடை எப்படி விழுகிறதோ, அந்த விழுகைக்குத்தான் அங்கே அந்தப் பெயர். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆயிரக்கணக்கில் பிரெஞ்சுச் சொற்கள் அங்கே குடியேறின. அந்தக் கூட்டத்தில் வந்ததுதான் சான்ஸ். அதே கடென்ஷியா இத்தாலி வழியாகச் சுற்றி வந்தபோது கேடன்ஸ் ஆனது: பாட்டிலோ பேச்சிலோ வரி முடியும் இடத்தில் குரல் தாழ்ந்து விழுகிறதே, அது. ஒரே பிள்ளை இரண்டு கப்பலில் ஏறி வந்து, துறைமுகத்தில் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் நிற்பது போல.

ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர் சான்ஸ் என்ற சொல்லுக்குள் ஏதோ ஒன்று விழுகிறது என்று அறிய அகராதியைப் புரட்ட வேண்டும். நமக்கு அந்த வேலை இல்லை. தாயக்கட்டையை உருட்டினால் தாயம் விழுகிறது. லாட்டரி விழுகிறது. சீட்டுக் கட்டுகிறவர்களுக்குச் சீட்டு விழுகிறது. காசைச் சுண்டினால் பூவோ தலையோ விழுகிறது. தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்கட்கிழமை லீவு. ஆங்கிலம் லத்தீன் உறைக்குள் போட்டு மூடிய அதே படத்தைத் தமிழ் காப்பிக்கடை மேசையில் திறந்தே வைத்திருக்கிறது. மாமாவின் பதிலில் சுற்றியிருந்தவர்கள் சிரித்தது அந்தத் திறப்பினால்தான். நம்பரும் விழும், மனிதனும் விழுவான், வினை ஒன்று.

அந்தச் சொல்லை நாம் எடுத்துக்கொண்ட விதமும் வேடிக்கையானது. சான்ஸ் கேட்டு அலைகிறோம், சான்ஸ் கொடுக்கிறோம். “சான்ஸே இல்ல” என்றால் வாய்ப்பில்லை என்றும் பொருள், இதைவிடப் பிரமாதமாக ஒன்று இருக்கவே முடியாது என்றும் பொருள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு “சான்ஸே இல்ல” என்று சொல்லும் ஒருவருக்கு ரோமானியப் பகடை நினைவுக்கு வர வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

சரி, சான்ஸும் ஆக்சிடென்ட்டும் உடன்பிறப்புகள் என்றால் முகம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? லத்தீனில் வினைக்கு முன்னால் ஒட்டு வந்து சேர்ந்தால், நடுவிலுள்ள குறில் அகரம் இகரமாகச் சுருங்கும். கட் என்பது சிட் ஆகிவிடும். ‘மேல், நோக்கி’ என்று பொருள்தரும் ஒட்டு சேர்ந்தால் ஆக்சிடென்ட்: மேலே வந்து விழுந்தது. ‘உள்ளே’ என்ற ஒட்டு சேர்ந்தால் இன்சிடென்ட்: இடையில் வந்து விழுந்தது. அதற்கும் முன்னால் ‘கூட’ என்ற ஒட்டு சேர்ந்தால் கோயின்சிடென்ஸ்: இரண்டு ஒரே இடத்தில் சேர்ந்து விழுந்தது. இந்த மூன்றையும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் மூன்று தனிச் சொல்லாகத்தான் உருப்போடுகிறார்கள். விழுகிற திசையை மட்டும் காட்டிக் கொடுத்தால் போதும், பிறகு மறக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. சிட் என்று ஒலிக்கிற, சைட் என்று முடிகிற எல்லாம் இந்தக் குடும்பம் இல்லை. டிசைட், சூசைட், பெஸ்டிசைட் போன்றவை வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தவை. அதன் பொருள் ‘வெட்டு’. அந்த வகையில், தீர்மானிப்பது என்றால் வெட்டுவது. நேர்வது என்றால் விழுவது. ஆங்கிலம் பேசுகிறவர் நாளெல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்.

ஆக்சிடென்ட் என்பதற்கு நாம் எழுதும் சொல் விபத்து. இங்கேதான் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. விபத்து சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. அதன் அடி பத். மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதி அதற்குத் தரும் பொருள்களில் முன்னால் நிற்பது ‘விழு’. ‘செல்’ என்ற பொருளும் உண்டு. முன்னே வி சேர்ந்தால் சிதறி விழுவது, விபத்து. ஆ சேர்ந்தால் வந்து விழுவது, ஆபத்து. சம் சேர்ந்தால் நன்றாக விழுவது, நல்லபடியாக முடிவது, சம்பத்து. செல்வத்தைக் குறிக்கும் அதே சம்பத்துதான். ஆபத்து, விபத்து, சம்பத்து மூன்றும் ஒரே விழுகையின் மூன்று கோணங்கள். லத்தீனின் கடெரேவும் சமஸ்கிருதத்தின் பத்தும் ஒலியில் ஒட்டாதவை, தனித்தனி வேர்கள். இருந்தும் இரண்டு மொழியும் தனித்தனியாக யோசித்து ஒரே படத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதைக் கோயின்சிடென்ஸ் என்று சொன்னால் அந்தச் சொல்லும் அதே வேலையைச் செய்துவிடுகிறது.

தமிழுக்குச் சொந்தமான படு என்ற வினையையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். விழுதல், நேர்தல், மறைதல், சாதல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கண்ணில் பட்டது, அகப்பட்டது, ஏற்பட்டது என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். மட்டக்களப்பில் வாவிக்கு மேற்கே இருக்கும் நிலத்துக்குப் படுவான்கரை என்று பெயர், கிழக்கே இருப்பது எழுவான்கரை. சூரியன் படும் பக்கம், எழும் பக்கம். மேற்குலகைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லான ஒக்சிடென்ட் அப்படியே படுவான்கரைதான்: கடெரேயிலிருந்து வந்தது, சூரியன் விழும் திசை. கிழக்குக்கு அவர்கள் சொல்லும் ஓரியன்ட் ‘எழு’ என்ற வினையிலிருந்து வந்தது. (தமிழகத்தார் வழக்கப்படி ஆகாரம் போட்டு எழுதினால் மேற்குலகமும் விபத்தும் எழுத்தில் ஒன்றாகிவிடும். இந்த ஒரு இடத்துக்காக இலங்கைத் தமிழரின் ஒகரத்தைக் கடன் வாங்கியிருக்கிறேன்.)

படு என்பதன் இன்னொரு முகம் தமிழ்நாட்டு நடுகற்களில் இருக்கிறது. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனைப் பற்றிக் கல்லில் வெட்டியிருப்பது ‘பட்டான்’ என்று. சிங்கப்பூரின் கிராஞ்சிப் போர் நினைவிடத்துக்குப் போனால், சுவர்சுவராக 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். கல்லறை என்று ஒன்று வாய்க்காதவர்களின் பெயர்கள் அவை, இந்தியப் படையினரும் அதில் உண்டு. போர்க் கணக்கில் இவர்களை ஆங்கிலம் கேஷுவல்ட்டி என்று சொல்லும். தொடக்கத்தில் அந்தச் சொல் வெறும் ‘எதிர்பாராமல் நேர்ந்தது’ என்றுதான் பொருள்பட்டது. நேர்ந்தது இழப்பாகி, இழப்பு படைவீரன் எண்ணிக்கையாகி, கடைசியில் மருத்துவமனைக் கதவில் பலகையாகத் தொங்கியது. அதன் அண்ணன் கேஷுவல் மட்டும் தளர்ந்த சட்டை போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை அலுவலகம் போகிறான். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் கேஷுவல் லீவுக்குத் தற்செயல் விடுப்பு என்று பெயர் வைத்தார்கள். வேரைத் தொட்ட மொழிபெயர்ப்பு அது. இங்கே அந்த லீவு கிடையாது, ஆகவே சொல்லும் இல்லை. எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டுதான்.

தற்செயல் என்ற சொல்லையும் ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கலாம். தன் செயல். யாருடைய செயல்? நம்முடையது என்று எடுத்தால் பொருள் தலைகீழாகிவிடும். நிகழ்ச்சி தானாகவே செய்துகொண்டது என்று கொள்ள வேண்டும். விழுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் தள்ளியவர் யாரும் இல்லை என்பதை அது நன்றாகச் சொல்கிறது.

நாம் வாய் ஓயாமல் சொல்லும் கேஸ் கூட இந்தக் குடும்பம்தான். லத்தீனில் காசுஸ் என்றால் விழுகை, நேர்ந்த ஒன்று. கோர்ட்டில் போடும் கேஸ், மருத்துவர் பார்க்கும் கேஸ், “அவன் ஒரு கேஸுப்பா” எல்லாம் அதன் வாரிசு. 2020 ஜனவரி 23 அன்று சிங்கப்பூரில் முதல் கோவிட் கேஸ் என்று செய்தி வந்ததிலிருந்து, மாதக்கணக்கில் மாலையானால் “இன்னிக்கு எத்தனை கேஸ்?” என்று வீட்டுக்கு வீடு கேட்டோம். எத்தனை பேர் மேல் விழுந்தது என்றுதான் அந்தக் கேள்விக்கு வேர்ப்பொருள். சமையல் கேஸ் இதில் சேராது, அது வேறு சொல். பெட்டியைக் குறிக்கும் கேஸும் சேராது, அது ‘பிடி, கொள்’ என்ற இன்னொரு லத்தீன் வினையின் வழி வந்தது.

இலக்கணத்திலும் காசுஸ் உண்டு. நாம் வேற்றுமை என்று படிப்பதை ஆங்கிலம் கேஸ் என்கிறது. கிரேக்கர்கள் முதலில் அதற்கு ‘விழுகை’ என்று பெயரிட்டார்கள், ரோமானியர்கள் அதைச் சொல்லுக்குச் சொல் லத்தீனாக்கினார்கள். பெயர்ச்சொல் எழுவாயாக நிமிர்ந்து நிற்கிறது, மற்ற வேற்றுமைகளில் சாய்ந்து விழுகிறது என்பது படம். நம் இலக்கணிகள் அதே இடத்தில் பார்த்தது வேறு: பெயரின் பொருள் வேறுபடுகிறது, எனவே வேற்றுமை. என்னைக் கேட்டால் நம்முடையதுதான் தெளிவு. விழுகை என்று சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.

மற்ற உறவினர்களைப் பெயர் சொல்லிக் கடந்துவிடலாம். ஒக்கேஷன், எதிரே வந்து விழுந்த வேளை. கேஸ்கேட், அருவி. பாராசூட்டின் பின்பாதியான சூட், பிரெஞ்சில் விழுகை, முன்பாதி ‘தடு’. தேசிய தினத்தில் ராணுவப் பாராசூட் குழுவான ரெட் லயன்ஸ் வானத்திலிருந்து குதிக்கும்போது தலைக்கு மேல் விரிவது, பெயரளவில் விழாமல் தடுக்கும் ஒரு துணி.

குடும்பத்தில் சேராமல் வாசலில் நிற்பவர்களும் உண்டு. கசினோ இதே வேர் என்று பலர் நினைப்பார்கள். அது இத்தாலியச் சொல், ‘சின்ன வீடு’ என்று பொருள். (நம் ஊர்ப் பொருளில் எடுத்துக்கொண்டாலும் பணம் போகிற வேகம் பொருந்தும்.) 2010இல் இங்கே இரண்டு கசினோக்கள் திறந்தன. உள்ளூர்க்காரர் 24 மணி நேரம் அந்தச் சின்ன வீட்டுக்குள் இருக்க 150 வெள்ளி நுழைவு வரி. லக் டச்சு, ஜெர்மன் பக்கத்திலிருந்து வந்தது. ஹேப்பி என்பதற்குள் இருக்கும் ஹேப், வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் அதிர்ஷ்டம். பெர்ஹேப்ஸிலும் ஹேப்பனிலும் அதுவே. தேடாமல் கிடைக்கும் நல்லதைச் சொல்லும் செரண்டிப்பிட்டி நம் அண்டை வீட்டுச் சொல். இலங்கையின் பழைய பெயரான செரண்டிப்பை வைத்து 1754இல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் ஒரு கடிதத்தில் உருவாக்கியது.

ஃபார்ச்சூன் லத்தீன்தான், ஆனால் வேறு வேர். ஃபோர்டுனா ரோமானியரின் அதிர்ஷ்ட தேவதை. ஒரு கையில் கப்பலின் சுக்கான், மறு கையில் செல்வம் வழியும் கொம்பு; பக்கத்தில் சக்கரத்தோடும் அவளைக் காட்டுவார்கள். செல்வம் ஓரிடத்தில் நில்லாமல் சகடக்கால் போல வரும் என்று நாலடியார் சொல்வதும் இதே சக்கரம்தான். மரினா கரையில் அதை 165 மீட்டர் உயரத்துக்கு நிறுத்தியிருக்கிறோம். சிங்கப்பூர் ஃபிளையர் 2008இல் திறந்தது. அது சுழலும் திசையில் நகரத்தின் செல்வம் வெளியே போகிறது என்று ஃபெங் சுயி வல்லுநர்கள் சொல்ல, அதே ஆண்டே சக்கரத்தை எதிர்ப்பக்கமாகச் சுழலவிட்டார்கள். ஃபோர்டுனாவின் சக்கரத்தைத் திருப்ப முடியாது என்று ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். நாம் பொறியாளர்களைக் கூப்பிட்டோம்.

இந்த ஊரில் அதிர்ஷ்டத்துக்குத் தமிழும் ஆங்கிலமும் மட்டும் போதாது. பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனால் எங்கள் பிள்ளைகள் “சுவே” என்று ஹொக்கியனில் சொல்வார்கள். அடுத்த பஸ் உடனே வந்தால் மலாயில் “நசிப் பாய்க்”. அந்த நசிப் அரபியிலிருந்து மலாய்க்கு வந்தது, ‘பங்கு’ என்று பொருள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நம் சொற்களும் வேறுமாதிரி தெரிகின்றன. பாக்கியத்துக்குள் இருப்பது பாகம். பழந்தமிழில் ஊழைக் குறித்த பால் என்ற சொல்லும் பகுப்பு, பங்குதான். தாயம் என்றால் பகடை மட்டுமா? பரம்பரைச் சொத்தில் பங்கும் அதுவே, பங்காளிதான் தாயாதி. ஆங்கிலத்தின் லாட்டரிக்குள் ஒளிந்திருக்கும் லாட்டும் அப்படித்தான்: சீட்டுப் போட்டுப் பிரித்ததில் ஒருவருக்கு வந்த பங்கு. பங்கு என்றால் பிரித்துக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார், கடவுளோ விதியோ. விழுந்தது என்றால் கொடுத்தவர் யாரும் இல்லை. நம் ஆட்கள் இரண்டையும் கூசாமல் கலந்து பேசுவார்கள்: “அவனுக்கு விழுந்துச்சு, அவன் பாக்கியம்.” அதிர்ஷ்டம் என்பதோ இந்த இரண்டிலும் சேராது. சமஸ்கிருதத்தில் ‘காணப்படாதது’ என்று பொருள். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று கைகழுவிவிட்ட நேர்மையான சொல்.

காணப்படாததை எண்ணிப் பார்க்க ஒரு வழி உண்டு. பள்ளிக்கூடத் தமிழில் அதன் பெயர் நிகழ்தகவு. ஐரோப்பாவில் அது தொடங்கியதே சூதாட்டத்தில்தான். 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும், பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்து. விழுகையும் பங்கும் ஒரே மேசைக்கு வந்த இடம் அது.

நாலு நம்பரில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் பரிசுக்குரியவை 23. புதன், சனி, ஞாயிறு என்று தவறாமல் ஒவ்வொரு எண் வாங்கினால் ஆண்டுக்கு 156 குலுக்கல். ஏதோ ஒரு பரிசு விழ, சராசரியாக மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. முதல் பரிசுக்கு 64 ஆண்டு. டோட்டோ என்ற இன்னொரு லாட்டரி இன்னும் மோசம்: 49 எண்ணில் ஆறு, 13,983,816 சேர்க்கைகள். 1968இல் கள்ளச் சூதாட்டத்தை ஒழிக்க, இந்த லாட்டரிகளை நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸைத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ குலுக்கல் நடந்துவிட்டது. போன வாரம் எது விழுந்தது என்பது இந்த வாரப் பந்துகளுக்குத் தெரியாது. விழுவதற்கு ஞாபகம் கிடையாது. ஆனால் வாங்குகிறவருக்கு ஞாபகம் நிறைய இருக்கிறது: வீட்டு எண், பேரன் பிறந்த தேதி, செத்துப்போன அண்ணன் கனவில் சொன்ன எண், மோதிய காரின் எண். வானத்திலிருந்து எதுவும் சும்மா விழாது, ஏதாவது சொல்ல வந்திருக்கும் என்ற எண்ணம் அது. மாமாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். “தம்பி, 64 வருசத்துல இருவது வருசம் நான் ஏற்கெனவே வாங்கிட்டேன்” என்றார். அந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று விளக்கப் போய், எனக்குத்தான் காப்பி ஆறியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைத் தேக்கா சந்தையில் பார்த்தேன். மாவுக்கட்டில் யாரோ பேரப்பிள்ளை நீல மையில் பூ வரைந்திருந்தது. “விழுந்துச்சா மாமா?” என்றேன். வரிசை எண் 4071. ஆறுதல் பரிசில் விழுந்தது 4017.

“24 மாதிரியும் மாத்தி மாத்திப் போட்டிருக்கணும்” என்று சொல்லிவிட்டு, நல்ல கையால் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தார்.